நீலகிரியில் சைக்கிள்: எந்த ரோட்டில் ஏறுவது, எந்த ரோட்டில் இறங்குவது

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சைக்கிள் ஓட்டும் யாரைக் கேட்டாலும் ஊட்டி ஏறின கதை ஒன்று வைத்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் கதையை இப்படித்தான் முடிப்பார்கள்: "ஏறிட்டேன், ஆனா இனிமே வேண்டாம்னு ஆயிடுச்சு." கால் வலியோ மூச்சிரைப்போ அதற்குக் காரணம் இல்லை. தப்பான ரோட்டில் ஏறி, தப்பான ரோட்டில் இறங்கியதுதான் காரணம். நானும் முதல் தடவை பர்லியார் வழியாகப் போகும் குன்னூர் ரோட்டில்தான் ஏறினேன். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த பஸ்களைத் தவிர அந்த நாளில் எதைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த மலைக்கு மேலே போகவும் வரவும் மேட்டுப்பாளையம் பக்கமே இரண்டு ரோடு இருக்கிறது, அது போக மசினகுடி, கூடலூர், மஞ்சூர் பக்கம் மூன்று. எதில் ஏறி எதில் இறங்குவது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

எப்போது போவது

ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேண்டாம். பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, கார் மேல் கார். அந்தச் சீசனில் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக ஏறுவது, கோத்தகிரி வழியாக இறங்குவது என்று ஒருவழிப் பாதையாகவும் மாற்றிவிடுவார்கள், அப்போது நான் கீழே சொல்லும் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

மழையை மலையின் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை, அது குன்னூர், கோத்தகிரி, பர்லியார் பக்கத்தைப் பிடிக்கும். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், ரோடுகள் பல இடத்தில் அறுந்தே போயின. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மலை ரோட்டில் சைக்கிள் வேண்டாம், ஒரு நாள் வெயில் அடிக்கிறதே என்று நம்பியும் கிளம்ப வேண்டாம்.

மிச்சம் இருப்பது டிசம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை. அதுதான் சைக்கிளுக்கு நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலும் தலைக்குந்தாவிலும் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி வரும். ஆனால் பத்து மணிக்கு மேல் வானம் நீலமாகத் திறந்து, வெயிலும் குளிருமாக மிதிக்க அவ்வளவு சுகமாக இருக்கும். மலையைக் கண்ணாரப் பார்க்கவும் அதுதான் சமயம்.

சைக்கிளைத் தயார் செய்வது

ரோடு பைக்கோ, கியர் உள்ள ஹைபிரிடோ, எதுவானாலும் சரி. முக்கியமானது ஒன்றுதான், மிகச் சின்ன கியர். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் வரும். கோத்தகிரி ஏற்றத்துக்கு இது தாராளம், மசினகுடி பக்கம் இருக்கும் கல்லட்டி ஏற்றத்துக்கு இது தேவை. பின்னால் 25 அல்லது 28 பல்லோடு நிற்கும் பழைய கேசட்டை (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை) வைத்துக்கொண்டு "சமாளிச்சுக்கலாம்" என்று வருபவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கேசட் மாற்ற ஆகும் செலவு முழங்கால் வைத்தியத்தை விடக் குறைவு.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 32 இருந்தால் இன்னும் நல்லது, எமரால்டு பக்கம் ரோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. காற்றை நிரம்ப அடித்து டயரைக் கல்லாக்க வேண்டாம்.

பிரேக் கட்டையைக் கிளம்புவதற்கு முந்தின வாரமே மாற்றிவிடுங்கள். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் கட்டை ஊட்டியில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கூடவே டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, செயின் இணைப்புக் கண்ணி ஒன்று, ஆலன் சாவிகள். முன்னும் பின்னும் விளக்கு பகலிலும் வேண்டும், ஏனென்றால் மதியம் இரண்டு மணிக்குக்கூட மூடுபனி இறங்கி இருபதடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகும்.

துணிமணி பற்றி ஒரே விஷயம். ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம். காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்றும், விரல் முழுக்க மூடும் கையுறையும் கட்டாயம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது, அது குளிர் பிரச்சினையாக நிற்காமல் உயிர் பிரச்சினையாகிவிடும். ஜாக்கெட் மறந்துவிட்டால் டீக்கடையில் பழைய பேப்பர் இரண்டு தாள் வாங்கிப் பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் நெஞ்சோடு செருகிக்கொள்ளுங்கள். பழைய வித்தைதான், ஆனால் நன்றாகவே வேலை செய்யும்.

தண்ணீர்: நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்குத் தடை, பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே போகலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு சைக்கிள் பாட்டில் கொண்டு போங்கள், வழியில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கும் இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம், டீக்கடையில் கேட்டாலும் மறுக்க மாட்டார்கள். கூடவே கார் வருகிறது என்றால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சனி, ஞாயிறுக்கு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

எந்த ரோட்டில் ஏறுவது என்ற கணக்கு

இதை நான் புரிந்துகொள்ளவே சில வருஷம் ஆனது. ஏறும்போது நம் வேகம் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். பஸ்ஸின் வேகம் இருபத்தைந்து, முப்பது. அதனால் ரோட்டில் போகும் ஒவ்வொரு வண்டியும் நம்மைத் தாண்டித்தான் ஆக வேண்டும், மூன்று நான்கு மணி நேரம் தாண்டிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது நம் வேகமும் பஸ் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. தாண்டுபவர்கள் குறைவு. அப்படியென்றால் வண்டி குறைவான ரோட்டில் ஏற வேண்டும், வண்டி அதிகம் இருந்தாலும் அகலமாகவும் தார் நன்றாகவும் இருக்கும் ரோட்டில் இறங்க வேண்டும். எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு. குன்னூர் ரோடு பிரசித்தம் என்பதால் அதில் ஏறி, அலுத்துப்போய், கோத்தகிரி வழியாக இறங்குவார்கள்.

ஆகவே கோத்தகிரியில் ஏறி, குன்னூரில் இறங்குங்கள். நடுவில் நான்கைந்து நாள் மேலே தங்கிச் சுற்றினால் மலை உங்களுக்குப் பிடிபடும்.

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – கோத்தகிரி, 33 கிலோமீட்டர்

சென்னையில் இருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். கோவையில் இருந்தால் 35 கிலோமீட்டர், காலையில் பயணிகள் ரயிலிலும் வரலாம். எப்படி வந்தாலும் இருட்டில் மலையடிக்குள் நுழைய வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஆறேகால் ஆறரை மணிக்குக் கிளம்பினால் போதும். ஊரிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிடுங்கள், வயிறு முட்ட வேண்டாம்.

பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் ரோடு பிரியும். இடது குன்னூர், வலது கோத்தகிரி. வலதில் திரும்பிக் கொஞ்ச தூரம் பாக்குத் தோப்பும் வாழையுமாகச் சமதளம், அப்புறம் ஏற்றம் தொடங்கும். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,790 மீட்டரை ஒட்டி. சமதளத்தைக் கழித்தால் சராசரி 5 சதவீத ஏற்றம். கேட்பதற்குச் சின்ன எண்ணாக இருக்கும். ஆனால் 28 கிலோமீட்டரும் விடாமல் 5 சதவீதம் என்றால், காலுக்கு எங்கேயும் முழு ஓய்வு கிடைக்காது என்று அர்த்தம்.

முதல் அரை மணி நேரத்தில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். கால் புதுசாக இருக்கும், காற்று குளுகுளுவென்று இருக்கும், வேகமாக மிதிப்பார்கள். குஞ்சப்பனை வருவதற்குள் தீர்ந்துபோவார்கள். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில்தான் ஏற வேண்டும். பேச முடியவில்லை என்றால் ஒரு கியர் இறக்குங்கள். சாதாரணமாகப் பயிற்சி உள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறுவார், அந்தக் கணக்கில் மூன்று மணி, மூன்றரை மணி ஆகும், இடையில் நின்று டீ குடித்தால் நான்கு. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை பசிக்காவிட்டாலும் ஒரு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ சாப்பிட்டுக்கொண்டே போங்கள்.

குஞ்சப்பனை சுற்று வட்டாரம் யானை நடமாட்டம் உள்ள இடம். பலாப்பழம் பழுக்கிற மாதங்களில் இன்னும் அதிகம். ஒரு தடவை அங்கே டீக்கடையில் நின்றபோது கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அண்ணா, மேல வளைவுல ஆனை நிக்குதுங்க. அவசரப்படாதீங்க, பஸ் வரட்டும், பஸ் பின்னாடியே போயிடுங்க." பஸ் வந்தது, டிரைவர் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டார், நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸின் பின் சக்கரத்தை ஒட்டியபடி அந்த வளைவைக் கடந்தோம். யானை மூங்கில் புதருக்குள் நின்று காதாட்டிக்கொண்டிருந்தது. அன்றில் இருந்து இந்த ரோட்டில் எதிரே வரும் பைக்காரர்களிடம் "மேலே ஏதாவது நிக்குதுங்களா?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீங்களும் கேளுங்கள். யானையைக் கண்டால் நூறு மீட்டருக்கு முன்பே நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். போட்டோ வேண்டாம், மணி அடிக்க வேண்டாம்.

குஞ்சப்பனைக்கு மேலே காடு விலகித் தேயிலை தொடங்கும். அரவேணு வந்துவிட்டால் நாள் முடிந்த மாதிரிதான். அரவேணு பக்கம் இருக்கும் கேத்தரின் அருவிக்குக் காபிப் பயிரைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காக்பர்னின் மனைவி பெயரை வைத்திருக்கிறார்கள். அருவி வரை போக நடக்க வேண்டும், அன்றைக்குக் கால் கேட்காது.

இரண்டாம் நாள்: கோடநாடு, போக வர 36 கிலோமீட்டர்

ஏறின மறுநாள் முழு ஓய்வு எடுத்தால் கால் இறுகிவிடும், மெதுவாக ஓட்டினால் இளகும். அதற்கு இந்த ரோட்டைப் போல வேறில்லை. கோத்தகிரியில் இருந்து 18 கிலோமீட்டர், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும், வண்டிகள் குறைவு. முடிவில் காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, அதில் தெங்குமரஹாடா கிராமம், தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம், பக்கத்தில் ரங்கசாமி மலை. ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேருங்கள், பிறகு மேகம் ஏறி மூடிவிடும்.

திரும்பி வந்து மதியத்துக்கு மேல் கண்ணேரிமுக்குக்கு ஒரு நடை போங்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் இந்த மலைக்கு வந்து கட்டிய வீடு அங்கே இருக்கிறது, இப்போது ஆவண மையமாகப் பாதுகாக்கிறார்கள். நவீன நீலகிரியின் கதையே ஒரு விதத்தில் இங்கேதான் தொடங்குகிறது, ஊட்டி பிறகு வந்தது. சல்லிவனுக்கு முன்பே கோத்தர்களும் தோடர்களும் குறும்பர்களும் இருளர்களும் படுகர்களும் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கோத்தகிரி என்ற பெயரே சொல்லும். வழியில் "ஹட்டி" என்று முடியும் பெயர்ப்பலகைகளைப் பார்ப்பீர்கள், அவை படுகர் ஊர்கள். ஊருக்குள் சைக்கிளில் போனால் மெதுவாகப் போங்கள், பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள், டீ கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள்.

இருட்டின பிறகு கோத்தகிரியில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். கரடி தேயிலைத் தோட்டத்தில் இருந்து ரோட்டுக்கு வருவது இங்கே சகஜம், காட்டெருமையும் அப்படித்தான். காட்டெருமை பார்ப்பதற்குச் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும், ஆனால் திடீரென்று ரோட்டைத் தாண்டினால் அது நம்மைப் பார்க்காது, நாம்தான் அதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள்: கோத்தகிரி – தொட்டபெட்டா – ஊட்டி

இது 30 கிலோமீட்டர்தான், ஆனால் உயரம் என்னவோ முதல் நாளுக்கு அடுத்தபடி. கட்டபெட்டு வரை இதமாகப் போகும், அங்கே குன்னூர் ரோடு பிரிகிறது, நாம் ஊட்டிப் பக்கம். அப்புறம் தொட்டபெட்டா சந்திப்பு வரை நீண்ட ஏற்றம், தேயிலை குறைந்து காரட்டும் உருளைக்கிழங்கும் படிப்படியாக ஏறும் வயல்கள், பிறகு யூகலிப்டஸ் வாசனை. மூச்சு வழக்கத்தை விடச் சீக்கிரம் வாங்கும், உயரம் அப்படி. பயப்பட ஒன்றும் இல்லை, தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் மட்டும் நின்றுவிடுங்கள்.

சந்திப்பில் இருந்து சிகரம் மூன்று கிலோமீட்டர். 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயர்ந்த இடம். அந்த மூன்று கிலோமீட்டரும் செங்குத்து, கார்களும் நிறைய. எட்டு மணிக்கு முன்னால் போனால் சோதனைச் சாவடி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பத்து மணிக்கு மேல் போனால் கார் வரிசையில் சிக்க வேண்டும். கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம், சந்திப்பில் இருந்து ஊட்டிக்கு இறங்கும் கடைசி சில கிலோமீட்டரே போதுமான பரிசு. சேரிங் கிராஸ் வந்ததும் சூடாக டீயும் வர்க்கியும். பேக்கரி பேக்கரியாகத் தேட வேண்டியதில்லை, அன்றைக்குச் சுட்டதா என்று மட்டும் கேளுங்கள்.

நான்காம் நாள்: முத்தோரை பாலாடா, எமரால்டு, அவலாஞ்சி

எனக்கு இந்த மலையில் ரொம்பப் பிடித்த ரோடு இது. ஊட்டியில் இருந்து லவ்டேல் பக்கமாக இறங்கி முத்தோரை பாலாடா. காலையில் போனால் பள்ளத்தாக்கு முழுக்க காரட் கழுவும் இயந்திரச் சத்தமும் லாரியில் மூட்டை ஏற்றும் ஆட்களும். முத்தோரையில் ரோட்டில் நின்று மேலே பார்த்தால் மலைச்சரிவில் நீளமாக ஒரு இரும்புச் சட்டம் தெரியும். அது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970ல் செயல்பாட்டுக்கு வந்தது. இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? இந்த மலையின் வடக்கு தெற்குச் சரிவு சுமார் 11 டிகிரி, இந்த ஊரின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால் சரிவின் மேலேயே நீளவாக்கில் கட்டினால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும், ஒரே திசையில் திருப்பிக்கொண்டே வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். 11 டிகிரி என்பது நம் சைக்கிள் கணக்கில் 20 சதவீத ஏற்றம். அந்தச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் நான் கியரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அங்கிருந்து இத்தலார், எமரால்டு. ஏரி தெரிய ஆரம்பித்தால் நின்று நின்றுதான் போவீர்கள். அவலாஞ்சி வரை போனால் ஊட்டியில் இருந்து 28 கிலோமீட்டர் வாக்கில் வரும். அதற்கு மேல் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும், சைக்கிளோடு உள்ளே போகக் கேட்க வேண்டாம். கவனம் வைக்க வேண்டியது என்னவென்றால், போகும்போது பெரும்பாலும் இறக்கம். நன்றாகத்தான் இருக்கும். அந்த இறக்கம் முழுவதும் திரும்பும்போது மதிய வெயிலில் ஏற்றமாக வரும். பாதித் தண்ணீரையும் பாதி தின்பண்டத்தையும் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் பல இடத்தில் இருக்காது, தங்கும் இடத்தில் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் நாள்: பைக்காரா

போக 21, வர 21. தலைக்குந்தா பைன் மரங்கள், பிறகு ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் புல்வெளி மேடுகள். ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும், எதுவும் பெரிதில்லை. கூடலூர் வழியாக கர்நாடக, கேரள வண்டிகள் வருவதால் வார நாளில் போங்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல் ஓடத் தொடங்கியது, அந்த மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் வரிசையாகப் பெருகின. எங்கள் ஊர் எழுந்ததற்கு இந்த ஆற்றுத் தண்ணீரும் ஒரு காரணம் என்பதால், அந்தப் பாலத்தில் நின்று ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை.

ஆறாம் நாள்: இறக்கம்

ஊட்டியில் இருந்து கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் வழியாகக் குன்னூர் 18 கிலோமீட்டர். குன்னூரில் நின்று பிரேக், டயர், சக்கரம் மூன்றையும் பாருங்கள், டயர் காற்றைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவு, பலகையில் எண் எழுதி வைத்திருப்பார்கள்.

சக்கர விளிம்பை (ரிம்மை) கட்டை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் பிரேக்கைப் பிடித்த பிடியாக இறங்கினால் ரிம் கொதிக்கும். என் நண்பர் ஒருவர் காட்டேரி தாண்டி அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கினார், பின் டியூப் துப்பாக்கி வெடித்த மாதிரி வெடித்தது. நேரான இடமாக இருந்ததால் பிழைத்தார், வளைவில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதனால் விட்டு விட்டுப் பிடியுங்கள்: நேர் ரோட்டில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் போகும்போது விட்டுவிட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும், அதனால் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், பள்ளத்தைப் பார்க்க வேண்டாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று ரிம் ஆற விடுங்கள். டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் நில்லுங்கள், நின்ற உடனே டிஸ்க்கைத் தொட மட்டும் வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இது மலைரோட்டுச் சட்டம். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்ப முழு ரோடும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே இடது ஓரம் நின்று பஸ்ஸை விட்டுவிட்டு இறங்குங்கள். ஊற்றுத் தண்ணீர் வழிந்து பாசி பிடித்த இடங்கள், ஈர இலை, லாரியில் இருந்து விழுந்த எண்ணெய் இவையெல்லாம் நிழல் விழும் வளைவுகளில்தான் இருக்கும். பர்லியாரில் குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், அவற்றுக்கு எதுவும் போடவும் வேண்டாம்.

அதே பர்லியாரில் சீசன் இருந்தால் மங்குஸ்தான் கிடைக்கும், ஒரு கிலோ வாங்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். காட்டுக்குள் மலை ரயில் ஊதும் சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899ல் ஓடத் தொடங்கிய பாதை, 1908ல் ஊட்டிக்கு நீண்டது, 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் போட்டிருக்கிறார்கள், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அதன் அதிகபட்ச ஏற்றம் 12க்கு 1, அதாவது எட்டேகால் சதவீதம் சொச்சம்.

கல்லட்டியும் கெத்தையும்

ரயிலுக்கே பல்சக்கரம் தேவைப்படும் அந்த ஏற்றத்தை விடச் செங்குத்தானது கல்லட்டி. மசினகுடியில் இருந்து மாவனல்லா தாண்டி தலைக்குந்தா வரை 36 கொண்டை ஊசி வளைவு, பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில், சராசரியே 9 சதவீதத்துக்குக் குறையாது. கோத்தகிரியை நிற்காமல் ஏற முடிகிறது என்றால் மட்டும் வாருங்கள். இதில் ஏறுவது மட்டும்தான், இறங்குவது கிடையாது. இறங்கிய வண்டிகள் பிரேக் பிடிக்காமல் விழுந்து எத்தனையோ உயிர் போயிருக்கிறது, வெளியூர் வண்டிகளை ஊட்டியில் இருந்து இந்த வழியாக இறங்க விடுவதில்லை. அதனால் சைக்கிளைக் காரில் ஏற்றிக் கூடலூர், தெப்பக்காடு சுற்றி மசினகுடிக்கு வர வேண்டும், எழுபது கிலோமீட்டருக்கு மேல். முதுமலைக் காட்டுக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போக நினைக்க வேண்டாம், அது புலிகள் காப்பகம், இரவில் ரோட்டையே மூடிவிடுவார்கள். மசினகுடியிலும் வெயில் வந்த பிறகு கிளம்புங்கள், ஊர் எல்லை தாண்டும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரையாவது கேட்டுவிட்டுப் போங்கள். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கமாக எடுத்தால் ஏற்றம் குறையும், எதிரில் வண்டி வராதபோது மட்டும் அப்படிச் செய்யுங்கள். முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதில் ஒரு குறையும் இல்லை, நானும் முதல் தடவை இருபதாம் வளைவுக்கு மேல் இரண்டு இடத்தில் தள்ளியிருக்கிறேன்.

இன்னொன்று மஞ்சூரில் இருந்து கெத்தை வழியாக வெள்ளியங்காடு, காரமடை இறங்கும் ரோடு. 43 கொண்டை ஊசி வளைவு, கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் பக்கத்திலேயே இறங்கும், வண்டிகள் விரல் விட்டு எண்ணும் அளவு. வண்டி குறைவு என்றால் யானை அதிகம் என்று அர்த்தம், பஸ்ஸை மறித்து நிற்கும் யானைகள் இங்கே வழக்கம். தனியாகப் போகவே கூடாது. நான்கு பேராவது சேர்ந்து, மஞ்சூரில் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பி, சோதனைச் சாவடியில் நிலவரம் கேட்டு, போகலாம் என்று சொன்னால் மட்டும் இறங்குங்கள். வேண்டாம் என்று சொன்னால் மஞ்சூருக்கே திரும்பிவிடுங்கள். அன்றைக்கு மிச்சமிருக்கும் நேரத்துக்குத் தாய்சோலை வழியாகக் கிண்ணக்கொரை போகும் ஒற்றை ரோடு இருக்கிறது, தேயிலையும் சோலையும் மாறி மாறி வரும், பஸ் எப்போதாவது ஒன்று. மதியத்துக்குள் மஞ்சூர் திரும்பும்படி கிளம்புங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சூடாகச் சாப்பாடு கிடைக்கும்.